தனியாக வளரும் காக்டெயில் பெட்டை முட்டையிடுகிறது: முட்டையை எடுக்கலாமா, விடலாமா?

குரோம்பேட்டைக்_கூண்டு:
வணக்கம். லுட்டினோ (வெளிர் மஞ்சள் நிற) காக்டெயில் கிளி, ஒற்றைப் பறவை, வயது ஏறக்குறைய இரண்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இதுவரை மூன்று முட்டை. கூண்டின் அடிக்கம்பி மேலேயே உட்கார்ந்து அடைகாக்கிறது. கை வைத்தால் சீறுகிறது. உணவு, கடையில் கிடைக்கும் கலவைத் தினையும் சூரியகாந்தி விதையும், எப்போதாவது கொத்தமல்லித் தழை. எடை 96 கிராம். வீட்டில் இரவு 11 மணி வரை விளக்கு எரியும்.

முட்டைகளை உடனே எடுத்துவிட வேண்டுமா? கால்சியம் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கலாமா? ஆண் ஒன்று வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார், உண்மையா?

தினைப்பொறி:
முதல்ல முட்டைல கை வைக்காதீங்க. ஆண் இல்லாம போட்ட முட்டை எல்லாமே கூமுட்டைதான், குஞ்சு வராது. ஆனா அது பெட்டைக்குத் தெரியாது. காக்டெயில் ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு தடவைக்கு, 4ல இருந்து 7 வரைக்கும் போடும். கீழ எத்தனை முட்டை இருக்குன்னு வயித்துத் தோல்ல படுறத வச்சுத்தான் அது நிறுத்தும். நீங்க ஒண்ணை எடுத்தா ஒண்ணைப் போடும், அதையும் எடுத்தா இன்னொண்ணு. இப்படி எடுத்து எடுத்தே ஒரே மூச்சுல பத்து, பன்னெண்டு முட்டை போட வச்சுடுவாங்க. எலும்புல இருக்கிற கால்சியமெல்லாம் ஓடா வெளிய போயிடும்.

அடிக்கம்பிய இன்னைக்கே கழட்டிடுங்க. கம்பி மேல முட்டை உருண்டா விரிசல் விடும், இடுக்குல கால் மாட்டும். தட்டு மேல நாலஞ்சு மடிப்பு நியூஸ்பேப்பர், அதுக்கு மேல வெள்ளை டிஷ்யூ. ஒரு மூலைல ஆழமில்லாத மண் சட்டியக் கவுக்காம வச்சு உள்ள டிஷ்யூ போட்டு முட்டைகள மாத்தி வைங்க. அது வெளிய வந்து எச்சம் போடுற நேரத்துல செஞ்சா சண்டை இருக்காது. பிரீடிங் பாக்ஸ், பானை ரெண்டும் வேண்டவே வேண்டாம். இருட்டுப் பொந்து கிடைச்சா அடுத்த ஈடுக்கு நீங்களே பத்திரிகை அடிச்ச மாதிரி. தச்சுப் பட்டறை மரத்தூளும் வேண்டாம், தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ஈரோடு_ஏவியரி:
//முட்டைல கை வைக்காதீங்க//
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. 21 நாள் அடைக்கு விட்டால் பெட்டை இளைக்கும், கோபம் ஏறும், மூன்று வாரமும் அதே நினைப்பிலேயே இருக்கும். முதல் முட்டை விழுந்த அன்றே எடுத்து, கூண்டை வேறு அறைக்கு மாற்றி, விளக்கைக் குறைத்தால் பல பெட்டைகள் அதோடு நிறுத்திவிடுகின்றன. மூன்றாவது முட்டை வந்த பிறகு எடுப்பதில் பயனில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லோருக்கும் ஒரே பதிலாக "விடுங்கள்" என்பது சரியல்ல.

சிறகுவைத்தியம்:
ஏவியரிக்காரர் சொல்வது முதல் முட்டைக்கு, அதுவும் முட்டை எடுப்பதோடு இடமும் வெளிச்சமும் மாறினால் மட்டும் பொருந்தும். முட்டையை மட்டும் எடுத்துவிட்டு மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் பதில் முட்டை வருவது ஏறக்குறைய உறுதி.

அடையில் உட்காருவதைக் கெட்டதாக நினைக்க வேண்டாம். அடைகாக்கும் பறவையின் உடலில் புரோலாக்டின் ஹார்மோன் உயர்கிறது. அது உயர்ந்திருக்கும்வரை சினைப்பையில் அடுத்த மஞ்சள்கரு வளராது. அதாவது உட்கார்ந்திருக்கும் நாட்கள்தான் அதற்கு ஓய்வு. இந்தப் பறவை மூன்று முட்டையைத் தாண்டிவிட்டது, ஆகவே விட்டுவிடுவதே சரி.

எத்தனை நாள்? காக்டெயில் முட்டை பொரிக்க 18 முதல் 21 நாள் ஆகும். கடைசி முட்டை விழுந்த நாளிலிருந்து மூன்று வாரம் வைத்திருங்கள். அதற்கு முன்பே அதுவாக எழுந்துபோய், அரை நாள் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் அப்போதே எடுக்கலாம். ஒவ்வொன்றாக எடுக்காமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும்.

இடையில் விரிசல் விட்ட முட்டையை மட்டும் உடனே அகற்றுங்கள், வெயில் காலத்தில் ஒரே நாளில் கெட்டுவிடும். அந்த இடத்தில் பிளாஸ்டிக் டம்மி முட்டை வைக்கலாம். காக்டெயில் முட்டை நீளவாக்கில் ஏறக்குறைய 2½ செ.மீ. இருக்கும். புறாவுக்கான டம்மி பெரிது, லவ்பேர்ட்ஸுக்கானது சிறிது. அளவு பார்த்து வாங்குங்கள்.

குரோம்பேட்டைக்_கூண்டு:
நன்றி. அடிக்கம்பியை எடுத்துவிட்டேன். எச்சம் மிகப் பெரியதாக, நாற்றத்தோடு இருக்கிறது. வயிற்றுப் பக்கத்து இறகை நனைத்துக்கொண்டு வந்து உட்காருகிறது. இது நோயா?

தினைப்பொறி:
ரெண்டுமே சாதாரணம்தான் தம்பி. அடைல இருக்கிறது கூட்டை அசிங்கம் பண்ணாது. மணிக்கணக்கா அடக்கி வச்சு வெளிய வந்து மொத்தமாப் போடும், அதான் அளவும் நாத்தமும். வயித்தை நனைக்கிறது முட்டைக்கு ஈரப்பதம் குடுக்கிறதுக்கு. குளிக்கிற கிண்ணத்தை எடுத்துடாதீங்க.

எச்சமே போடலைன்னாதான் பயப்படணும்.

வெயில்மாடி:
கால்சியம் கேள்விக்கு வருகிறேன். மாத்திரையைத் தண்ணீரில் கலப்பதில் இரண்டு குறை. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான மாத்திரை கால்சியம் கார்பனேட். அது கரையாமல் அடியில் வண்டலாக நின்றுவிடும், பறவைக்கு எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, அதில் வைட்டமின் டி3 சேர்ந்திருக்கும். அந்த அளவு பெரிய ஆளுக்குக் கணக்கிட்டது. 96 கிராம் பறவைக்குக் கண்ணளவில் போட்டால் டி3 மிகுந்து சிறுநீரகத்தில் சுண்ணம் படியும். தண்ணீரின் சுவை மாறினால் குடிப்பதையும் குறைத்துவிடும்.

எளிய வழி கணவாய் ஓடு. பெட் ஷாப்பில் இல்லாவிட்டால் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள், அதேதான். பொடியாக வாங்காமல் முழுத் துண்டாக வாங்கி, ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, மெத்தென்ற பக்கம் பறவையைப் பார்க்கும்படி கம்பியில் கட்டுங்கள். அடையில் இருப்பது மேலே ஏறிப் போகச் சோம்பல்படும். அதனால் சட்டிக்குப் பக்கத்திலும் ஒரு துண்டு போடுங்கள். கடிக்கவே தெரியாத பறவை என்றால் கத்தியால் சுரண்டித் தூளாக்குங்கள். அந்தத் தூளை விதை மேல் தூவக் கூடாது. உமியை உரித்துத் தின்னும்போது தூளும் உமியோடு போய்விடும். வேகவைத்த முட்டையில் பிசைந்து கொடுங்கள்.

கோழிமுட்டை ஓடும் ஆகும். ஓட்டை 10 நிமிடம் கொதிக்கவைத்து, உள்தோலை உரித்து, காயவைத்து, ரவை அளவுக்கு நொறுக்கி, தினமும் ஒரு சிட்டிகை.

வெற்றிலைச் சுண்ணாம்பு மட்டும் கூடாது. சிலர் கால்சியம்தானே என்று வைக்கிறார்கள். அது வாயையும் இரைப்பையையும் புண்ணாக்கும் காரம்.

வெயில்மாடி:
தொடர்ச்சி. கால்சியம் வாய்க்குள் போனால் மட்டும் போதாது. குடலிலிருந்து ரத்தத்தில் ஏற வைட்டமின் டி வேண்டும், அதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் இல்லை, கண்ணாடி தடுத்துவிடும். காலை 8 முதல் 9 மணிக்குள் பால்கனியில் 20 நிமிடம், கூண்டில் பாதி நிழலாக இருக்கும்படி வையுங்கள். வாய் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்தால் சூடு அதிகம், உடனே உள்ளே எடுங்கள். காக்கை, பூனை இரண்டுக்கும் கூடவே ஆள் இருக்க வேண்டும். அடையில் இருக்கும்போது கூண்டோடு தூக்கி இடம் மாற்றுவது அதைக் கலைக்கும் என்பதால் இதை முட்டை எடுத்த பிறகு தொடங்குவது நல்லது.

தினை, சூரியகாந்தி விதை இரண்டிலும் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் மிகுதி. சூரியகாந்தி விதையில் பாதிக்குப் பாதி கொழுப்பு வேறு. கீரையில் முருங்கை முதலிடம். பசலை, பாலக் போன்றவற்றில் ஆக்ஸலேட் மிகுதி, அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஆனால் முளைகட்டியதை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம், காய்ந்த கேழ்வரகாகவே கலவையில் சேருங்கள்.

ஈரோடு_ஏவியரி:
முளைகட்டியதை ஏன் கூடாது என்கிறீர்கள்? சத்து அதில்தானே அதிகம்?

வெயில்மாடி:
சத்து அதிகம் என்பதுதான் சிக்கல். காக்டெயிலின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே மழை பெய்து புல் முளைவிட்டு, பச்சை விதை கிடைக்கும்போதுதான் இனப்பெருக்கம். முளைத்த தானியம், ஊறவைத்தது, வெதுவெதுப்பான சோறு, எக் புட் எல்லாமே "மழை வந்தாச்சு, குஞ்சு பொரிக்கலாம்" என்கிற செய்தி. உங்களைப் போல் குஞ்சு எடுக்கிறவர்கள் அதைத்தான் வேண்டுமென்று கொடுக்கிறீர்கள். இவருக்கு வேண்டியது நேர் எதிர்.

எனவே முட்டையிடும் நாட்களில் மட்டும், இழப்பை ஈடுகட்ட, நன்றாக வேகவைத்த கோழிமுட்டை ஒரு தேக்கரண்டி, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வைத்து இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். கடைசி முட்டையோடு அதுவும் நிறுத்தம்.

சிறகுவைத்தியம்:
ஆண் வாங்குவது பற்றி யாரும் சொல்லவில்லை. கடைக்காரருக்கு அது விற்பனை. உங்களுக்கு அது இன்னும் பெரிய தூண்டுதல். ஆண் வந்தால் முட்டை நிற்காது, கூமுட்டை கருமுட்டையாகும், அவ்வளவுதான். குஞ்சு இறங்கிய கையோடு அடுத்த ஈடு தொடங்கும். பெட்டைக்கு 18 மாதமாவது முடிந்திருக்க வேண்டும், ஆண்டுக்கு இரண்டு ஈட்டுக்கு மேல் கூடாது என்பது குஞ்சு எடுப்பவர்களே வைத்திருக்கும் வரம்பு.

ஏற்கெனவே ஜோடியாக வைத்திருந்து குஞ்சு வேண்டாம் என்பவர்கள், முட்டை விழுந்த அன்றே எடுத்து, குளிர்ந்த நீரில் போட்டு, கொதி வந்தபின் 10 நிமிடம் வேகவைத்து, முற்றிலும் ஆறவிட்டுத் திரும்ப வைக்கலாம். நேரடியாகக் கொதிநீரில் போட்டால் ஓடு வெடிக்கும். தாமதமாகிவிட்டால் ஐந்தாறு நாளுக்குப் பிறகு இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு நரம்பு சிலந்திவலைபோல் தெரிந்தால் கரு வளர்கிறது. வெறும் மஞ்சளாகத் தெளிந்து தெரிந்தால் கூமுட்டை.

குரோம்பேட்டைக்_கூண்டு:
நான்காவது முட்டை வர வேண்டிய நாள் தாண்டி ஒரு நாள் ஆகிறது. சாப்பிடுகிறது, எச்சம் போடுகிறது, அடையில்தான் இருக்கிறது. முட்டை உள்ளே மாட்டிக்கொண்டிருக்குமோ என்று பயம்.

சிறகுவைத்தியம்:
நீங்கள் சொல்லும் நிலையில் பயம் வேண்டாம், மூன்றோடு ஈடு முடிந்திருக்கலாம். ஆனால் முட்டை அடைப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பறவைகளில் நேரம் மிகக் குறைவு.

உடம்பைப் பந்துபோல் உப்பவைத்து, கண்ணைச் செருகி, கூண்டின் தரையில் நிற்கும். கால் இரண்டையும் அகட்டி வைத்திருக்கும். மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடும். முக்கும், ஆனால் எச்சம் வராது, அல்லது துளித் துளியாக நீர் மட்டும் வரும். சில பறவைகளில் ஒரு கால் தளர்ந்துபோகும். உள்ளே நிற்கும் முட்டை காலுக்குப் போகும் நரம்பை அழுத்துவதால் அது. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்ட பறவைகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

காரணம் பல. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் முட்டைக்குழாயின் தசை சுருங்காது, தள்ள வலுவிருக்காது. ஓடு கட்டாத தோல்முட்டை நழுவாமல் ஒட்டிக்கொள்ளும். கொழுத்த பறவை, முதல் ஈடு, திடீர்க் குளிர், பறக்கவே விடாமல் வளர்த்தது எல்லாம் சேரும்.

போகும் வழியிலும் வண்டி கிடைக்கும் வரையிலும் சூடும் ஈரமும்தான் முதலுதவி. சிறிய அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து, உள்ளே 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்கும்படி. பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி ஒரு ஓரமாக வையுங்கள். சூடு கூடினால் அது விலகிக்கொள்ள மறு ஓரம் காலியாக இருக்கட்டும். எல்.ஈ.டி. பல்பு சூடு தராது, பழைய 40 வாட் குண்டு பல்பு இருந்தால் கூண்டுக்கு வெளியே ஒரு பக்கம் மட்டும். ஈரத்துக்கு, குளியலறையில் வெந்நீர் திறந்து ஆவி பரவவிட்டு அங்கே வைக்கலாம்.

வயிற்றை அமுக்கக் கூடாது. முட்டை உள்ளே உடைந்தால் ஓட்டுத் துண்டு கிழிக்கும், மஞ்சள்கரு கசிந்து வயிற்றறையில் அழற்சி வரும். ஆசனவாயில் விளக்கெண்ணெய் தடவுவது ஊரெல்லாம் சொல்லும் வைத்தியம். முட்டை நிற்பது பெரும்பாலும் அதற்கு மேலே, எண்ணெய் அங்கே எட்டாது. இறகில் ஒட்டிச் சூடுதான் குறையும்.

மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து முட்டை எங்கே நிற்கிறது என்று பார்ப்பார், கால்சியம் ஊசி போடுவார், நீர்ச்சத்து ஏற்றுவார். பல நேரம் அதிலேயே வந்துவிடும். சென்னையில் வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் பறவை பார்க்கும் மருத்துவர் யார், எந்த நேரம் இருப்பார் என்பதை இப்போதே விசாரித்து எண்ணைக் குறித்துவையுங்கள். நாய், பூனை பார்க்கும் எல்லா கிளினிக்கிலும் பறவை பார்க்க மாட்டார்கள்.

தினைப்பொறி:
இதோட ஒண்ணு சேத்துக்கோங்க. சமையலறைத் தராசுல தினமும் காலைல, தீனிக்கு முன்னாடி எடை போடுங்க. முட்டை உருவாகுறப்போ எடை கூடும், போட்டதும் இறங்கும், அது கணக்கில்லை. ஆனா வழக்கமான எடைல பத்துல ஒரு பங்கு, உங்க பறவைக்கு 9, 10 கிராம் குறைஞ்சா அது சீக்கு. இறகு உப்பியிருக்கிறதால கண்ணுக்கு இளைச்சது தெரியாது, தராசுதான் சொல்லும்.

ஈரோடு_ஏவியரி:
சரி, முட்டையை எடுக்கும் நாள் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே ஆரம்பிக்க வேண்டிய வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். என் கவலையே அங்கேதான். மூன்று வாரம் கழித்து எடுத்துவிட்டுப் பழையபடி வைத்தால் பத்தே நாளில் அடுத்த ஈடு வரும்.

வெயில்மாடி:
வெளிச்சத்திலிருந்து தொடங்க வேண்டும். சென்னையில் ஜூன் மாதத்துப் பகலே 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, டிசம்பரில் 11½ மணிக்கும் கொஞ்சம் குறைவு. நம் ஊரில் சூரியனால் நாள் பெரிதாக நீள்வதில்லை, நீட்டுவது டியூப்லைட்டும் டிவியும். காலை 6 மணிக்கு விடிந்து இரவு 11 வரை விளக்கு என்றால் அதற்குப் பகல் 17 மணி நேரம். முட்டையை எடுத்த நாளிலிருந்து இரண்டு மூன்று வாரம், 24 மணியில் 14 மணி இருட்டு, 10 மணி வெளிச்சம். மாலை 6 மணிக்குத் தூங்கும் அறைக்கு மாற்றிவிட்டுக் காலை 8 மணிக்குத் திறவுங்கள். ஹாலிலேயே வைத்து மேலே துணி போர்த்தினால் மட்டும் போதாது, பேச்சுச் சத்தமும் இடுக்கு வெளிச்சமும் விழிக்கவைக்கும்.

முழு இருட்டு வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காக்டெயிலுக்கு இரவில் திடுக்கிட்டு எழுந்து கூண்டில் அடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. பல்லி ஓடினால் போதும். வயிற்றில் முட்டை இருக்கும்போது அப்படி மோதினால் உள்ளேயே உடையலாம். பக்கத்து அறையின் ஜீரோ வாட் வெளிச்சம் கதவிடுக்கில் வருகிற அளவு போதும்.

பிறகு இடம். கூண்டை வேறு சுவருக்கு மாற்றி, உள்ளே தாங்குகழி, கிண்ணம் எல்லாவற்றையும் இடம் மாற்றிப் போடுங்கள். கண்ணாடி, துணிக்குடில், மணி கட்டிய பொம்மை போன்று அது கொஞ்சிக்கொண்டிருக்கும் எதையும் எடுத்துவிடுங்கள். வெளியே விடும்போது சோபா அடி, துணி அலமாரி, பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து ஆகிய மூன்றையும் அடைத்தாக வேண்டும். காகிதத்தைக் கிழித்துச் சேர்க்கத் தொடங்கினால் காகிதத்தையும்.

தினைப்பொறி:
தடவிக் குடுக்கிறதையும் சொல்லுங்க. அதுதான் வீட்டுப் பறவைகள்ல பெரிய காரணம், யாரும் நம்ப மாட்டாங்க. தலை, கொண்டை, கன்னம் மட்டும்தான் தொடணும். முதுகு, இறக்கைக்கு அடி, வால் பக்கம் தொட்டா ஜோடி சேருற பறவை தொடுற இடம் அது. வாலைத் தூக்கிக் குனிஞ்சு கிரீச்கிரீச்னு சின்னச் சத்தம் போட்டா கையை எடுத்துட்டு நகந்துடணும். அழகா இருக்குன்னு வீடியோ எடுக்கிற நேரம் இல்ல அது.

தீனியும் நாள் முழுக்க கிண்ணம் நிறைய இருக்கக் கூடாது. 10, 12 கிராம் அளந்து காலைல பாதி, சாயந்தரம் பாதி. சூரியகாந்தி விதைய நிறுத்திட்டு, பழக்குறதுக்கு மட்டும் ஒண்ணு ரெண்டு கைல குடுங்க. பெல்லட்டுக்கு (கடைல விக்கிற குருணைத் தீனி) மாத்துறதா இருந்தா மூணு நாலு வாரம் எடுத்துக்கோங்க, ஒரே நாள்ல மாத்துனா பட்டினி கிடக்கும். அடைல இருக்கிறப்போ மாத்தவே கூடாது.

குரோம்பேட்டைக்_கூண்டு:
இவ்வளவும் செய்த பிறகும் தொடர்ந்து போட்டால்?

சிறகுவைத்தியம்:
ஆண்டில் மூன்றாவது ஈடு வந்தாலோ, ஒரே ஈட்டில் எட்டைத் தாண்டினாலோ, ஓடு மெலிந்து சொரசொரப்பாகவோ தோலாகவோ வந்தாலோ மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஹார்மோனை அடக்கும் லியூப்ரோலைட் ஊசியும், தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் என்னும் சிறு குச்சியும் காக்டெயில்களில் பயன்பட்டிருக்கின்றன. சில மாதம் முட்டை நிற்கும். செலவு உண்டு, மருந்து எல்லா இடத்திலும் இருப்பில் இருக்காது, முன்கூட்டியே கேட்டு வரவழைக்க வேண்டும். வெளிச்சமும் தீனியும் மாறாமல் ஊசி மட்டும் போட்டால் மருந்தின் வேகம் தீர்ந்ததும் பழைய கதைதான். சினைப்பையை அறுத்தெடுப்பது பறவைகளில் பெரும்பாலும் செய்வதில்லை, பெரிய ரத்தக்குழாயோடு ஒட்டியிருக்கும். முட்டைக்குழாயை மட்டும் எடுக்கும் அறுவைசிகிச்சை உண்டு, அதுவும் ஆபத்தானதே. கடைசி வழி.

குரோம்பேட்டைக்_கூண்டு:
புரிந்தது. முட்டை எடுத்த பிறகு சட்டியைக் கழுவித் திரும்ப வைக்கலாமா?

தினைப்பொறி:
வைக்காதீங்க. முட்டையோட சட்டியும் அன்னைக்கே வெளிய போகணும். அது உட்கார்ந்த மூலைல கனமான தீனிக் கிண்ணம் ஒண்ணை வச்சு இடத்தை அடைங்க, அடிக்கம்பியத் திரும்ப மாட்டுங்க. தட்டை வெந்நீரும் வினிகரும் விட்டுக் கழுவிக் காய வச்சுப் போடுங்க. பிளீச்சிங் பவுடர் வாடை பறவை மூச்சுக்கு ஆகாது. ரெண்டு நாள் அந்த மூலைக்கே போய்த் தேடிக் கத்தும், மனசு கேக்காம சட்டியத் திரும்ப வச்சுடாதீங்க. மூணாவது நாள் மேல்கம்பில ஏறிடும்.